சாமி படத்துக்குப் பின்னாடி இருந்த அரிசி அட்டை: ஜப்பான்காரன் காலத்து ரேஷன் தாள் சேர்க்கிறதுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒரு தீபாவளிக்கு முன்னாடி வீட்டு முருகன் படத்தக் கழட்டித் தொடைக்கும்போது கை நழுவி விழுந்து கண்ணாடி தெறிச்சுப் போச்சு. அம்மா ஒரு பக்கம் பொலம்பிட்டிருக்க நான் சட்டத்தப் பிரிச்சேன், படம் ஆடாம இருக்கறதுக்காகப் பின்னாடி சொருகியிருந்த அட்டைய உருவினா அதுல ஊதா சாப்பு (முத்திரை), கட்டம் கட்டமா கோடு, நடுவுல எங்க தாத்தா பேரு. அரிசி வாங்கின அட்டை. மலேசியாவுல நெகிரி செம்பிலான் பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்துல, லயத்து வீட்டுல (தோட்டத்து வரிசை வீடு), எழுபது வருஷத்துக்கு மேல முருகனுக்கு முதுகு கொடுத்துட்டு இருந்திருக்கு, யாருக்கும் தெரியல.

அதுல இருந்து பிடிச்ச பைத்தியம்தான் இது. இப்ப என்கிட்ட நாலு பெட்டி இருக்கு. புதுசா சேர்க்க ஆரம்பிக்கிறவங்க நிறைய பேரு ஒரே கேள்விய கேக்கறாங்க, அதனால நான் பண்ணின தப்பையும் சேர்த்து முழுசா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல் படி: எந்தக் காலத்துத் தாள்னு முடிவு பண்ணுங்க

நம்ம ஊர்ல ரேஷன்னா எல்லாரும் ஜப்பான்காரன் காலம்னுதான் சொல்லுவாங்க, ஆனா உண்மையில மூணு காலம் இருக்கு, மூணையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது.

ஒண்ணு, ஜப்பான் ஆட்சி. 1941 டிசம்பர் 8 கோத்தா பாருவுல இறங்கினான், 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்துச்சு, 1945 செப்டம்பர்ல வெள்ளக்காரன் திரும்பி வந்தான். ரெண்டாவது, வந்த பிறகு நடந்த பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம், பி.எம்.ஏ.ன்னு சொல்லுவாங்க, 1946 ஏப்ரல் 1-ல மலாயன் யூனியன் வர்ற வரைக்கும். சண்டை முடிஞ்சாலும் அரிசிப் பஞ்சம் முடியல, யூனியன் வந்த பிறகும் வருஷக்கணக்குல அரிசிக்கு அட்டைதான். மூணாவது, 1948-ல இருந்து 1960 வரைக்கும் அவசரகாலம், அதாவது டாருராட். காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்குச் சாப்பாடு போகக் கூடாதுன்னு ஊருக்கே அளந்து கொடுத்த காலம் அது.

எங்க தாத்தா அட்டை ஜப்பான் காலத்துதுன்னு ரெண்டு வருஷம் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். கடைசியில பார்த்தா பி.எம்.ஏ. காலத்துது. சாப்பு முழுக்க இங்கிலீஷ், ஒரு ஜப்பான் எழுத்து கூட இல்ல, அத கவனிக்கவே இல்ல நான். ஆசை கண்ண மறைச்சிடுச்சு.

ரெண்டாவது படி: என்ன பஞ்சம், ஏன் பஞ்சம்னு தெரிஞ்சுக்கங்க

இத விட்டுட்டுத் தாள மட்டும் சேர்த்தா பழைய பேப்பர் கடை மாதிரிதான் இருக்கும். சண்டைக்கு முன்னாடி மலாயா சாப்பிட்ட அரிசியில ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் இங்கயே விளைஞ்சது, மீதி பர்மா, சயாம்ல இருந்து கப்பல்ல வந்தது. கப்பல் நின்னதும் அரிசி நின்னுச்சு. ரப்பர் வாங்க ஆள் இல்ல, தோட்டம் படுத்துருச்சு, பால் வெட்டின கைங்க மரவள்ளி நட ஆரம்பிச்சுது. அப்புறம் ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில், பர்மாவுல தான்பியூசாயாட்ல இருந்து சயாம்ல பான் போங் வரைக்கும் 415 கிலோமீட்டர், நம்ம தோட்டத்து ஆம்பளைங்கள லோரி லோரியா ஏத்திட்டுப் போனது அதுக்குத்தான். அதனால இந்தக் காலத்துத் தோட்டத்துத் தாள் எது கையில வந்தாலும் எத்தன பேருக்கு அரிசி கொடுத்தாங்கன்னு மட்டும் பார்க்காதீங்க, எத்தன பேரு அடிச்சுவிடப்பட்டிருக்குன்னும் பாருங்க. பேரு மேல கோடு போட்டு ஓரத்துல "சயாம்"னு ஒரு வார்த்தை எழுதின பக்கம் ஒண்ணு என்கிட்ட இருக்கு, அத நான் அடிக்கடி எடுக்கறது இல்ல.

அளவும் தெரியணும். ஒரு கட்டி 16 தாயில், இப்போதைய கணக்குல 600 கிராமுக்குக் கொஞ்சம் மேல. நூறு கட்டி ஒரு பிக்குள். கந்தாங்னா ஒரு கேலன், அதுல நாலு சுப்பாக். 1944-ல சிங்கப்பூர்ல ஆம்பளைக்கு மாசம் 8 கட்டி, பொம்பளைக்கு 6, பிள்ளைக்கு 4-ன்னு கொறைச்சுட்டாங்க. 8 கட்டின்னா மாசம் 4.8 கிலோ, ஒரு நாளைக்கு 160 கிராம். மரம் வெட்டற ஆளுக்கு ஒரு வேளை பசியாறக் கூட அது பத்தாது.

எங்க பகாவுக்கே இதுல ஒரு கதை இருக்கு. சிங்கப்பூர்ல அரிசி பத்தாம போனதும் ஜனங்கள வெளிய அனுப்பி அவங்களே பயிர் வச்சுச் சாப்பிடட்டும்னு ஜப்பான்காரன் திட்டம் போட்டான். பொதுவா சீனங்களுக்கு ஜொகூர்ல எண்டாவ், கத்தோலிக்க மதத்து யூரேசியன் (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு ஆளுங்க), கத்தோலிக்க சீனங்க ரெண்டு பேருக்கும் பகாவ். 1943 கடைசியில வந்து இறங்கினாங்க, புஜி கிராமம்னு பேரு வச்சான். காடு, மலேரியா, வெட்டிப் பழக்கம் இல்லாத கைங்க. கூட வந்த பிஷப் அட்ரியன் டெவால்ஸ் 1945 ஜனவரியில இறந்துட்டாரு. எங்க ஊர்ல பாதிப் பேருக்கு இது தெரியாது, பாசார் (சந்தை) பக்கத்துல நின்னு கேட்டுப் பாருங்க.

மூணாவது படி: எங்க தேடறது

இதான் எல்லாருக்கும் வேணும், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

சாமி படம். நான் சொன்ன மாதிரி பழைய சட்டம் போட்ட படத்துக்குப் பின்னாடி கையில கிடைச்ச அட்டையத்தான் வச்சாங்க. பட்டணத்துல கண்ணாடிச் சட்டம் போடற கடைக்காரர்கிட்ட சொல்லி வைங்க, "அண்ணே, பழைய படம் பிரிச்சா பின்னாடி இருக்கிற அட்டைய தூக்கிப் போடாம எடுத்து வைங்க"ன்னு. எனக்கு இப்படி மூணு கிடைச்சிருக்கு.

டிரங்குப் பெட்டி. அடியில விரிச்ச தாள், மூடிக்குள்ள ஒட்டின தாள். பொறப்புப் பத்திரம், பழைய சிவப்பு ஐசி (அடையாள அட்டை), கப்பல் டிக்கெட்டு இதுங்க கூட மடிச்சு வச்சிருப்பாங்க.

பேப்பர் லாமா லோரி, அதாவது பழைய பேப்பர் வாங்கற லோரி. தோட்டத்த வித்து லயத்த இடிக்கும்போது ஜனங்க புது வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் அதுலதான் ஏத்துவாங்க. லோரிக்காரர சிநேகிதம் பிடிச்சுக்கங்க. கிலோ கணக்குல அவரு வாங்கறத நீங்க பத்து வெள்ளி (ரிங்கிட்) கூடக் கொடுத்து எடுத்தா அவருக்கும் சந்தோஷம். ஆனா ஒண்ணு, லோரியில ஏறின பிறகு அது யாரு வீட்டுதுன்னு தெரியாது, அதனால முடிஞ்சா ஏத்தறதுக்கு முன்னாடி போங்க.

பழைய மளிகைக் கடை. எங்க ஊர்ல ஒரு தவுக்கே (சீன முதலாளி) கடையில மேல் மாடி முழுக்க கணக்குப் புத்தகம். தோட்டத்து ஜனங்க கடனுக்கு வாங்கின கொப்பி. சீனத்துல எழுதியிருக்கும், நடுவுல நம்ம ஆளுங்க பேர சீன எழுத்துல சத்தத்துக்கு எழுதியிருப்பாரு, அத அவரு மவன் வாசிச்சுக் காட்டும்போது "ஆ-லூ-மு-காம்"னு வந்துச்சு, ஆறுமுகம்! ஒரு மணி நேரம் சிரிச்சோம். என்னக் கேட்டா ஜப்பான்காரன் அடிச்ச வாழைமரக் காச விட இந்தக் கொப்பிதான் பெரிய சொத்து. காசு எல்லார்கிட்டயும் இருக்கு. ஒரு குடும்பம் எந்த மாசம் உப்பு வாங்கல, எந்த மாசம் நெருப்புப்பெட்டி வாங்கலன்னு இதுலதான் தெரியும்.

பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை), பழைய பொருள் சந்தை, ஆன்லைன் ஏலம் எல்லாம் கடைசிதான். அங்க காசு, ஸ்டாம்பு, ஜப்பான் காலத்து கோனான் சைக்கென் லாட்டரி டிக்கெட்டு இதெல்லாம் கிடைக்கும், ஊரோட தொடர்பு கிடைக்காது. இன்னொண்ணு, ஆன்லைன்ல "மலாயா ரேஷன் புக்"னு போட்டு இங்கிலாந்து ரேஷன் புக்க விக்கிறாங்க. அங்க 1940 ஜனவரியில ஆரம்பிச்சு 1954 ஜூலை வரைக்கும் ரேஷன் நடந்துச்சு, கோடிக்கணக்குல அச்சடிச்சது, மலிவான சாமான். அதுக்கு இங்க வந்து அரிய பொருள் விலை.

நாலாவது படி: பெரியவங்ககிட்ட கேக்கற முறை

ஜப்பான் காலத்த நேர்ல பார்த்து ஞாபகம் வச்சிருக்கிறவங்க இப்ப தொண்ணூற நெருங்கிட்டாங்க, இல்ல தாண்டிட்டாங்க. வீட்டுக்குப் போன உடனே "பாட்டி, பழைய அட்டை இருக்கா"ன்னு கேக்காதீங்க, இல்லன்னுதான் வரும். விக்க வந்தவன்னு நெனப்பாங்க, இல்ல கவர்மெண்ட் ஆள்னு பயப்படுவாங்க. சாப்பாட்டப் பத்திக் கேளுங்க. நான் ஒரு பாட்டிகிட்ட, "அப்ப மரவள்ளிய எப்படி ஆக்குவீங்க?"ன்னுதான் ஆரம்பிச்சேன்.

"அத ஏன்யா கேக்கற, காலையில அவிச்சது, மத்தியானம் துருவிப் புட்டு, ராத்திரி அதே மாவுல கஞ்சி. அரிசிய கண்ணுல பார்க்கறது கணக்கு எழுதற கிராணி வீட்டுலதான்."

"அரிசி வாங்க அட்டை வச்சிருந்தீங்களா பாட்டி?"

"இருந்துச்சே. எங்கப்பா அத கோமணத்துல முடிஞ்சு வச்சிருப்பாரு, தொலைஞ்சா சோறு இல்லல்ல."

அதுக்கு அப்புறம் அவங்களே மருமவள கூப்பிட்டு அலமாரி மேல இருக்கிற பெட்டிய எடுக்கச் சொன்னாங்க. அட்டை இல்ல, ஆனா அவசரகாலத்துல கொடுத்த ஒரு சீட்டு இருந்துச்சு.

கைபேசியில பேச்ச பதிவு பண்றதுக்கு முன்னாடி கேட்டுட்டுப் பண்ணுங்க. வீட்டுக்கு வந்ததும் அன்னைக்கே எழுதி வைங்க, யாரு சொன்னது, எந்தத் தோட்டம், எந்த லயம், தாள் எங்க இருந்துச்சுன்னு. நாளைக்கு எழுதிக்கலாம்னு விட்டா பாதி நீங்களா சேர்த்துக்குவீங்க. கொடுக்க மனசு இல்லன்னா வற்புறுத்தாதீங்க, அங்கயே படம் எடுத்துக்கிட்டு வந்துடுங்க. எனக்குத் தாள விட அந்தப் பேச்சுதான் முக்கியம், அட்டை யாரு இடுப்புல இருந்துச்சுன்னு தெரியாத அட்டை பாதி அட்டைதான்.

அஞ்சாவது படி: தேதி கண்டுபிடிக்கிறது

ஜப்பான் காலத்துத் தாள்ல வருஷம் ரெண்டு விதமா வரும். ஒண்ணு அவங்க ராஜ வம்சக் கணக்கு, 2602, 2603 இப்படி. 660-ஐக் கழிச்சா நம்ம வருஷம், 2602-ன்னா 1942, 2605-ன்னா 1945. ஸ்டாம்புல "டாய் நிப்பான் 2602 மலாயா"ன்னு பழைய ஸ்டாம்பு மேலயே அடிச்சிருப்பான். இன்னொண்ணு ஷோவா கணக்கு, அதாவது அப்போதைய ராஜாவோட ஆட்சி வருஷம், அதுக்கு 1925-ஐக் கூட்டணும், ஷோவா 17-ன்னா 1942. எழுத்து தெரியலன்னா பயப்படாதீங்க, பத்துக்கு அவங்க எழுத்து கூட்டல் குறி மாதிரி, ஒண்ணு ரெண்டு மூணுக்கு படுத்த கோடுதான். கூட்டலுக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு எழுத்த மட்டும் பட்டியல் வச்சுப் பார்த்தா வருஷம் வந்துடும்.

ஒரு பொறி இருக்கு. ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட மலாயா நோட்டுல 1941 ஜூலை 1-ன்னு அச்சடிச்சிருக்கும், ஆனா அது ஜனங்க கைக்கு வந்தது சண்டை முடிஞ்சு 1945-லதான். அச்சடிச்ச தேதி வேற, புழங்கின தேதி வேற, இத எல்லாத் தாளுக்கும் ஞாபகம் வச்சுக்கங்க. தாள் பஞ்சத்துல பழைய பாரத்தோட முதுகுல எழுதறது சகஜம், முன்பக்கம் 1939, பின்பக்கம் 1944-ன்னு இருக்கும். ரெண்டு பக்கமும் படிங்க.

டாருராட் காலத்துக்கு வேற அடையாளம். 1948-ல ஆரம்பிச்சு 12 வயசுக்கு மேல எல்லாருக்கும் ஐசி வந்துச்சு, அதனால தாள்ல ஐசி நம்பர் இருந்தா கண்டிப்பா அதுக்குப் பிறகுதான். அந்தக் காலத்துல கடையிலயே டின்ன ஓட்டை போட்டுத்தான் கொடுப்பாங்க, காட்டுக்குக் கொண்டு போய் வைக்க முடியாத மாதிரி. ஊரச் சுத்திப் போட்ட வேலிக்கு வெளிய பால் வெட்டப் போறவங்க சோறு கொண்டு போகக் கூடாது, கேட்டுல தடவிப் பார்ப்பாங்க. 1952-ல தஞ்சோங் மாலிம்ல பிரிட்டிஷ் ஹை கமிஷனர் டெம்ப்ளர் 22 மணி நேர ஊரடங்கு போட்டு அரிசியையும் கொறைச்சது இந்தக் கணக்குலதான். இந்தக் காலத்துச் சீட்டு, நோட்டீஸ் எல்லாம் நாலு மொழியில இருக்கும், தமிழ்ப் பகுதி சில நேரம் படிக்கச் சிரிப்பா இருக்கும், எந்தப் புண்ணியவான் மொழிபெயர்த்தானோ.

ஆறாவது படி: போலிய பிடிக்கிறது

ஒரு பத்து மடங்கு பூதக்கண்ணாடி, ஒரு அல்ட்ரா வயலட் டார்ச்சு, ரெண்டும் சேர்ந்து அம்பது வெள்ளிக்குள்ள வந்துடும். 1950-க்குப் பிறகுதான் தாள வெள்ளையாக் காட்டற ரசாயனம் பரவலா வந்துச்சு, அதனால 1943 அட்டைன்னு சொல்றது டார்ச்சுல பளீர்னு நீலமா மின்னினா கீழ வச்சுட்டு வந்துடுங்க. பூதக்கண்ணாடியில கலர் கலரா சின்னப் புள்ளி தெரிஞ்சா பிரிண்டர்ல அடிச்சது. பழைய அச்சுல எழுத்து தாள்ல அழுந்தியிருக்கும், பின்பக்கம் விரல் வச்சா தட்டுப்படும். தேயிலைத் தண்ணியில முக்கின தாள் ஒரே சீரா பழுப்பா இருக்கும், உண்மையான பழசு மடிப்புலயும் ஓரத்துலயும்தான் அதிகமா கறுத்திருக்கும்.

வாழைமரக் காசுல 10 வெள்ளி நோட்டுலதான் வாழை இருக்கும், மத்ததுல வேற படம். முன்னால இங்கிலீஷ் M எழுத்து இருந்தா மலாயா, வேற எழுத்துன்னா பர்மா, பிலிப்பைன்ஸ், டச்சு இந்தியா பக்கத்துது. ஆரம்பத்துல சீரியல் நம்பர் போட்டான், அப்புறம் அதையும் விட்டுட்டு எழுத்து மட்டும் போட்டு மூட்டை மூட்டையா அடிச்சான். நம்பர் உள்ளதுக்குத்தான் மதிப்பு, அதனாலயே நம்பர புதுசா அடிச்சு விக்கிறானுங்க. வெள்ளக்காரன் திரும்பின உடனே இந்தக் காசு செல்லாதுன்னு ஆயிடுச்சு. "ஜப்பான் பேங்க் திருப்பி வாங்குது, முன்பணம் கட்டு"ன்னு எவனாவது வந்தா விரட்டி விடுங்க, எங்க பக்கத்துல ஒரு அங்கிள் இதுல நல்லா ஏமாந்தாரு.

ஏழாவது படி: பாதுகாக்கிறது

இங்கதான் என் பெரிய தப்பு. தாத்தா அட்டை கிழிஞ்சிருந்துச்சு, செலோடேப் ஒட்டினேன், அது பத்தாதுன்னு பட்டணத்துல ஒரு கடையில லேமினேட் பண்ணச் சொன்னேன். சூடு பட்டதும் சாப்பு மை கலங்கி, ஊதா ஒரு பக்கம் ஓடிப் போச்சு. அத இனி பிரிக்கவும் முடியாது. லேமினேட் வேண்டவே வேண்டாம், செலோடேப் வேண்டவே வேண்டாம், பசை போட்டு ஆல்பத்துல ஒட்டறதும் வேண்டாம்.

பாலியெஸ்டர் இல்ல பாலிப்ரொபிலீன் உறை வாங்குங்க. பிவிசி உறை, அந்தப் பிளாஸ்டிக் வாடை அடிக்குமே அது, கொஞ்ச வருஷத்துல ஒட்டிக்கிட்டு மைய இழுத்துடும். அமிலம் இல்லாத அட்டை, அமிலம் இல்லாத பெட்டி. துருப்பிடிச்ச குண்டூசி, ஸ்டேப்பிள் இருந்தா இழுக்காம மெதுவா நிமித்தி எடுங்க. அந்தக் காலத்துல ஊதா அழியாப் பென்சில் நிறைய புழங்குச்சு, ஒரு சொட்டு ஈரம் பட்டா மை மாதிரி ஓடும், அதனால எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டற பழக்கத்த வீட்டு வாசல்லயே விட்டுட்டு வாங்க.

நம்ம ஊரு ஈரம்தான் பெரிய எதிரி. ஈரப்பதம் அம்பது சதவீதம் பக்கத்துல வைக்கணும், வெளிய எம்பது தொண்ணூறு இருக்கு. கேமராக்காரங்க வச்சிருக்கிற டிரை கேபினெட் ஒரு சின்னது போதும், அது முடியலன்னா காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல், கூட ஒரு சின்ன ஈரமானி. ஜெல் நிறம் மாறினா காய வச்சு எடுங்க. வெளிச் சுவரோட ஒட்டி வைக்காதீங்க, தரையில வைக்காதீங்க, கரையான் ஒரு ராத்திரி போதும். பாச்சை உருண்டை போடாதீங்க, பூச்சிக்கு ஆகுதோ இல்லையோ உங்க நெஞ்சுக்கும் உறைக்கும் ஆகாது.

பூச்சி இருக்குன்னு சந்தேகம்னா ஜிப் பையில ரெண்டு அடுக்கு போட்டு காத்த வெளிய அமுக்கி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க. வெளிய எடுத்து ஒரு நாள் முழுக்க பைய பிரிக்காம விடணும், இல்லன்னா தண்ணி கோத்துக்கும். மீனுக்குப் பக்கத்துல வைக்காதீங்கன்னு என் வீட்டம்மா சொல்லச் சொன்னாங்க. பூஞ்சை பிடிச்சதுன்னா முகக் கவசம் போட்டு வெளித் திண்ணையில வச்சு, நல்லா காஞ்ச பிறகு மென்மையான பிரஷ்ஷால தள்ளுங்க, ஈரமா இருக்கும்போது தேய்ச்சா உள்ள இறங்கிடும்.

எட்டாவது படி: பதிவு பண்றது

ஸ்கேன் 600 டிபிஐ, ரெண்டு பக்கமும், வெத்துப் பக்கம்னாலும் சரி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர், அத உறைக்குள்ள ஒரு துண்டுத் தாள்ல 2பி பென்சில்ல எழுதி வைங்க, பேனா வேண்டாம். எக்செல்ல நம்பர், எங்க கிடைச்சது, யாரு கொடுத்தது, அவங்க சொன்ன கதை, எவ்வளவு கொடுத்தேன், அவ்வளவுதான். அட்டையில இருக்கிற பேரு, ஐசி நம்பர், வீட்டு விவரம் இதெல்லாம் மறைக்காம ஃபேஸ்புக்ல போடாதீங்க, அவங்க பேரப் பிள்ளைங்க இங்கதான் இருக்காங்க.

சந்தேகம் வந்தா பழைய பேப்பர் பாருங்க. சிங்கப்பூர் தேசிய நூலகத்தோட இணையதளத்துல அந்தக் காலத்து சியோனான் (சிங்கப்பூருக்கு ஜப்பான்காரன் வச்ச பேரு) பத்திரிகை இலவசமாவே படிக்கலாம், எந்த மாசம் எந்தச் சாமானுக்குக் கட்டுப்பாடுன்னு அறிவிப்பு இருக்கும். நேர்ல போறவங்களுக்கு கோத்தா பாருவுல பேங்க் கெராப்பு போர் அருங்காட்சியகம், சிங்கப்பூர்ல வெள்ளக்காரன் சரணடைஞ்ச இடமான பழைய ஃபோர்டு ஃபேக்டரி ரெண்டும் நல்லா இருக்கும்.

ஒன்பதாவது படி: வச்சிருக்கக் கூடாதது, கொடுக்க வேண்டியது

அரசாங்க ஃபைல், நூலகச் சாப்பு, ஆர்க்கிவ் நம்பர் இருக்கிற தாள யாரு விக்க வந்தாலும் வாங்காதீங்க, எவ்வளவு ஆசையா இருந்தாலும். பொது ஆவணத்துக்கு 2003 ஆர்க்கிப் நெகாரா (தேசிய ஆவணக் காப்பகம்) சட்டம் இருக்கு, மாட்டினா வித்தவன் காணாம போயிருப்பான், நீங்கதான் நிப்பீங்க. ஒரு தோட்டத்து செக்ரோல் (வேலையாள் வருகைப் பதிவு) முழுசா, பேர் பட்டியலோட கிடைச்சா அத பக்கம் பக்கமா பிரிச்சு விக்கிற பாவத்தப் பண்ணாதீங்க, கோலாலம்பூர்ல ஆர்க்கிப் நெகாராவுக்கு எழுதிக் கேட்டு ஸ்கேன் பண்ணிக்கிட்டு ஒப்படைக்கலாம். சயாம் போனவங்க குடும்பம் இன்னும் பேரு தேடிட்டு இருக்கு.

தாள் கொடுத்த வீட்டுக்கு நல்ல பிரிண்ட் ஒண்ணு சட்டம் போட்டுக் கொடுத்துடுங்க, அந்த மரவள்ளிப் பாட்டி வீட்டுல இப்ப அது டிவிக்கு மேல தொங்குது. என் நாலு பெட்டிக்கும் மூடி உள்பக்கம் ஒரு தாள் வச்சிருக்கேன், இதுல என்ன இருக்கு, நான் இல்லன்னா யாருக்குப் போன் பண்ணணும்னு பெரிய எழுத்துல. மவனுக்கு இதுல ஆர்வம் இல்ல, அதனால முதல் வரியே "பேப்பர் லாமாவுக்குப் போடாதடா"ன்னுதான் இருக்கு.